சுவரில் அச்சு: சிறு முதலில் ஒரு தொழில்

வியாபாரிகளாகிய நமக்கு ஸ்டென்சில் புதிய விடயமல்ல. வெங்காயச் சாக்கிலும் தேயிலைப் பெட்டியிலும் மார்க்கா போடுவதற்கு எழுத்து வெட்டிய தகரத்தை வைத்து மை பூசுவோமே, அதுதான் ஸ்டென்சில். அதே வேலையை வீட்டின் உட்சுவரில், பூவும் கொடியும் வெட்டிய தகட்டை வைத்துச் செய்தால் ஒரு தொழிலாகிவிடுகிறது. பெயின்ட் கடை நடத்துவோரும், பெயின்டர்மாரை வைத்து ஒப்பந்த வேலை செய்வோரும் இதனைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வாரம் இதை எழுதுகிறேன்.

நல்லூரில் இதற்கு ஒரு பருவம் உண்டு. ஆடி அமாவாசைக்குப் பின்னர் 6ஆம் நாள் கந்தசுவாமி கோயிலில் கொடியேறி, 25 நாட்கள் திருவிழா நடக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வருவார்கள். அதற்கு முன்னர் வீடு, கடை, தங்குமிடம் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிப்பார்கள். சுவர்க் கடுதாசி ஒட்டினால் செலவு அதிகம். ஈரச் சுவரில் கழன்றும் விடும். 2022ஆம் ஆண்டு டொலர் நெருக்கடியில் இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறியபோது நாம் பட்ட பாடும் மறக்கவில்லை. ஸ்டென்சிலுக்கோ மிகக் குறைந்த பெயின்ட் போதும். இதில் விற்கப்படுவது பொருளல்ல, கைவேலை.

தகடும் டிசைனும்

பழைய எக்ஸ்ரே படம் அல்லது தடித்த பிளாஸ்டிக் தாள் போதுமானது. வெட்டும்போது ஒன்றை மறக்கக்கூடாது. சாக்கு மார்க்காவில் '0' என்ற இலக்கத்தை முழு வட்டமாக வெட்டினால் நடுத்துண்டு விழுந்துவிடும். அதற்காகவே மேலும் கீழும் சிறு பாலம் விடுகிறோம். பூவுக்கும் அப்படித்தான். பாலம் மெல்லியதாக இருந்தால் நாலு தடவையில் கிழிந்துவிடும்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் மாங்காய், தாமரை, மயில் கேட்பார்கள். நமது வீடுகளில் உயிரினம் வேண்டாம் என்பார்கள். கொடியும் நட்சத்திரக் கோலமும் கேட்பார்கள். கொடியும் கோலமும் இரு சாராருக்கும் பொருந்துவதால் முதலில் அவற்றையே வெட்டி வைப்பது புத்தி. துருக்கியிலே உஸ்மானியர் காலப் பள்ளிவாசல்களில், ஊசியால் துளையிட்ட கடுதாசியைச் சுவரில் வைத்து, கரித்தூளைத் தட்டி டிசைனை இறக்கி, அதன்மேல் வர்ணம் தீட்டினார்கள். ஒரே கோலம் பிசகாமல் மீண்டும் மீண்டும் வந்தது இந்த முறையினால்தான். வர்ணத்தையும் அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. நல்லூர்க் கோயிலின் வெளி மதிலைப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டே வர்ணம். எவரும் தூரத்திலேயே அடையாளம் காண்கிறார்கள்.

அளவும் வேலையும்

12 அடி அகலம், 9 அடி உயரமான சுவருக்கு 18 அங்குலத் தகடு என்றால், குறுக்கே 8, மேலே 6, மொத்தம் 48 அச்சு. ஒன்றுக்கு 5 நிமிடம் வைத்தால் 4 மணித்தியாலம். அளப்பது, தகடு கழுவுவது, மூலைகளில் கையால் முடிப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு முழு நாள். ஆகவே கூலியை 4 மணிக்கல்ல, ஒரு நாளைக்குப் போடுங்கள். சுவர் 10 அடி 9 அங்குலமாக இருந்தால் 7 அச்சு போக 3 அங்குலம் மிஞ்சும். அதனைக் கடைசியில் அசிங்கமாக விடாமல், அச்சுகளுக்கிடையே அரை அங்குலமாகப் பிரித்துவிட வேண்டும்.

எமல்ஷன் பெயின்டையே பாவியுங்கள். தகட்டைத் தண்ணீரில் கழுவலாம். பிரஷ்ஷில் பெயின்ட் ஏறக்குறைய காய்ந்திருக்க வேண்டும். இழுக்காமல் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். பெயின்ட் கூடினால் தகட்டின் அடியில் ஊறி ஓரம் கெட்டுவிடும். ஐந்தாறு அச்சுக்கு ஒரு தடவை தகட்டின் பின்பக்கத்தைத் துடைக்க வேண்டும்.

நான் பட்ட நட்டம்

சில வருடங்களுக்கு முன் நல்லூரில் ஒரு வீட்டில் இந்த வேலையை எடுத்தேன். திருவிழாவுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. மண்டபச் சுவர் ஒன்றின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, மறுபக்கம் குளியலறை. பெயின்டர் தம்பி, "நாநா, இது நிக்காது" என்றார். வீட்டுக்காரரிடம் சொன்னால் வேலை கைவிட்டுப் போகும் என்று பயந்து, சுரண்டிப் புட்டி பூசி முடித்தோம். திருவிழாவுக்கு அழகாகத்தான் இருந்தது. மார்கழி மழையில் கொடியும் பூவும் தோலாக உரிந்து விழுந்தன. என் செலவிலே திருப்பிச் செய்து கொடுத்தேன். அந்த நட்டம் தாங்கக்கூடியது. அவருடைய இரண்டு உறவினர்களும் தங்கள் வீட்டு வேலையை வேறொருவரிடம் கொடுத்ததுதான் பெரிய நட்டம். குறையைக் கண்டும் மறைத்தவன் நான். அவர்கள் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை.

இப்போது விலை சொல்லுமுன் மூன்று காரியம் செய்கிறேன்.

1. ஒரு அடி பொலித்தீனை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுவேன். உட்பக்கம் நீர்த்துளி கண்டால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. முதலில் குழாயைத் திருத்த வேண்டும்.

2. கையால் தேய்ப்பேன். சுண்ணாம்புத் தூள் ஒட்டினால் சுரண்டி பிரைமர் அடிக்க வேண்டும். உப்பு இருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போய்விடும். புதுப் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள் பொறுக்க வேண்டும்.

3. கண்ட குறைகளை மதிப்பீட்டுத் தாளில் எழுதி, வீட்டுக்காரரிடம் கையொப்பம் வாங்குவேன்.

இதனால் சில வேலைகள் கைநழுவிப் போனது உண்மை. ஆனால் திருப்பிச் செய்யவேண்டிய வேலை அதன் பிறகு வரவில்லை. தகடு வெட்ட ஒரு நாளில் பழகலாம். சுவரைப் பார்த்து உள்ளதைச் சொல்லப் பழகுவதுதான் கடினம்; இந்தத் தொழிலின் முதலே அதுதான்.