யார் எண்ணினார்கள், சார்?

ஒடிசா மாநிலத்தில் புவனேஸ்வர் அருகே தௌலி என்ற ஊர் இருக்கிறது. அங்கே பாறையில் ஒரு யானையைச் செதுக்கி இருக்கிறார்கள். அதன் கீழே அசோகர் காலத்து எழுத்துகள் உள்ளன.

அந்தப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடந்தது.

"கி.மு. 261 வாக்கில் கலிங்கப் போர் நடந்தது. ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர். அசோகர் மனம் மாறினார். எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் ஆசிரியர்.

எல்லோரும் எழுதினார்கள். ஒரு சிறுமி மட்டும் எழுந்து நின்றாள்.

"ஒரு லட்சம் பேர் என்று யார் எண்ணினார்கள், சார்?"

வகுப்பே சிரித்தது. சிறுமி தலை குனிந்தாள்.

"அதிகப்பிரசங்கி, உட்கார்" என்று ஆசிரியர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் மறுபடி வாய் திறந்திருக்க மாட்டாள். மற்ற பிள்ளைகளும் பயந்திருப்பார்கள்.

ஆசிரியர் அப்படிச் சொல்லவில்லை. "நல்ல கேள்வி அம்மா. எனக்கும் தெரியாது. படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்றார்.

மறுநாள் அவர் சொன்னார்: "இந்தக் கணக்கைச் சொன்னவர் அசோகரே. கல்வெட்டில் சொல்லி இருக்கிறார். யார் எண்ணியது என்று அதில் இல்லை. இது போரில் வென்றவர் சொன்ன கணக்கு."

"அது நம் தௌலிப் பாறையில் இருக்கிறதா, சார்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"இல்லை. குஜராத்தில் கிர்நார் பாறையில் இருக்கிறது. உத்தரகண்டில் கால்சி பாறையிலும் இருக்கிறது. போர் நடந்த இந்த மண்ணில் அந்தச் செய்தி இல்லை. இங்கே, மக்களை நியாயமாக நடத்துங்கள் என்று அதிகாரிகளுக்குச் சொல்லி இருக்கிறார். ஏன் அப்படி? நீங்கள் சொல்லுங்கள்."

"தோற்றவர்களிடம் அதைச் சொல்ல ராஜாவுக்குக் கூச்சம்" என்றாள் ஒருத்தி. "சொன்னால் மக்களுக்குக் கோபம் வரும்" என்றான் ஒருவன்.

"இரண்டும் இருக்கலாம். ஆனால் இவை ஊகம். ஊகம் வேறு, சான்று வேறு" என்றார் ஆசிரியர்.

மாலையில் சிறுமி இதை அம்மாவிடம் சொன்னாள். அம்மா அறிவொளி மையத்தில் எழுத்துக் கற்றவள். பள்ளிக்கூடம் போகாதவள். அவள் கேட்டாள்: "செத்தவர்கள் கணக்கு இருக்கட்டும். அவர்கள் வீட்டில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?"

சிறுமி அந்தக் கேள்வியை வகுப்புக்குக் கொண்டு போனாள். அதற்குக் கல்வெட்டிலேயே பதில் இருந்தது. அடிபடாமல் தப்பியவர்களும் தங்கள் உறவினர், நண்பர் பட்ட துன்பத்தால் வருந்தினார்கள் என்று அசோகர் சொல்லி இருக்கிறார்.

அம்மாவுக்கு ஆச்சரியம். "நான் நினைத்ததை அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்களா?" என்றாள்.

அந்த எழுத்துகளைப் பல நூறு ஆண்டுகள் யாராலும் படிக்க முடியவில்லை. "இதில் என்ன எழுதி இருக்கிறது?" என்று கேட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் என்பவர் அவற்றைப் படித்துக் காட்டினார். கேள்விதான் அந்தக் கல்லைப் பேச வைத்தது.

வரலாறு என்பது ஆண்டுகளை மனப்பாடம் செய்வது மட்டும் அல்ல. யார் சொன்னது? எப்படித் தெரியும்? யாரைப் பற்றிச் சொல்லவில்லை? பிள்ளைகள் இந்த மூன்றையும் கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் "தெரியாது, தேடுவோம்" என்று பெரியவர்கள் சொல்லலாம். அதில் வெட்கம் இல்லை.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊர்க் கோயில், குளம், பாறை எதிலாவது பழைய எழுத்து இருக்கிறதா?

2. உங்கள் பிள்ளை கடைசியாக உங்களிடம் கேட்ட கேள்வி என்ன? நீங்கள் என்ன சொன்னீர்கள்?