டி.என்.ஏ. பிரித்தெடுப்பில் இயந்திரத்தின் பணி

துணியில் உலர்ந்த இரத்தக்கறை ஒன்று தடய அறிவியல் ஆய்வுக்கூடத்திற்கு வந்து சேர்கிறது எனக் கொள்வோம். இரத்தத்தின் சிவப்பணுக்களில் உட்கரு கிடையாது. எனவே வெள்ளணுக்களிலிருந்தே டி.என்.ஏ. பெறப்படுகிறது. ஓர் அணுவில் உள்ள அளவு சுமார் 6 பிகோகிராம். அதாவது, ஒரு கிராமை லட்சம் கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் ஆறு. இத்துணைச் சிறு பொருளை இரத்தத்தின் நிறப்பொருளினின்றும் துணிச் சாயத்தினின்றும் பிரித்துத் தூய்மைப்படுத்தாவிடில், அதனைப் பன்மடங்காகப் பெருக்கும் அடுத்த வினை தடைப்படக்கூடும்.

முன்னாளில் இப்பணிக்குப் பீனாலும் குளோரோபாரமும் பயன்பட்டன. பீனால் தோலைச் சுடும் தன்மையது. கரைசலைக் குழாய்க்குக் குழாய் மாற்ற வேண்டியிருந்தமையால், ஒருவரது மாதிரி மற்றொருவரது குழாயிற் சேர்ந்துவிடும் அபாயமும் இருந்தது. குற்ற வழக்கில் இதன் விளைவு யாது என்பதை விளக்கத் தேவையில்லை.

இயந்திரம் கையாளும் முறை வேறு. குவனிடின் உப்பு மிகுந்த கரைசலில் டி.என்.ஏ. சிலிக்காவின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். உப்புக் குறைந்த நீர்மத்தில் விடுபடும். சிலிக்கா பூசிய நுண்ணிய காந்த மணிகளை மாதிரிக் கரைசலில் இட்டால், காந்தம் அம்மணிகளை ஈர்த்து நிறுத்துகிறது; ஆல்கஹால் கலந்த நீர்மம் அழுக்கைக் கழுவுகிறது; இறுதியில் தூய டி.என்.ஏ. மட்டும் விடுவிக்கப்படுகிறது. பல மாதிரிகள் ஒரே வேளையில், ஒரே அளவில், மனிதர் கை படாமல் நடைபெறுகின்றன. எலும்பைப் பொடியாக்குதல் போன்ற முன்வேலைகள் மட்டும் பெரும்பாலும் இன்றும் மனிதர் பொறுப்பிலேயே உள்ளன.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா, 7 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழிடம் செல்ல வகை செய்கிறது. மாதிரிகள் பெருகுங்கால் இயந்திரமின்றி அவற்றைச் சமாளித்தல் அரிது.

ஆயினும் இயந்திரம் தனக்கு அளிக்கப்பட்டதையே பிரிக்கும். ஜெர்மனியிலும் அண்டை நாடுகளிலும் தொடர்பற்ற சுமார் 40 நிகழிடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. 2007-இல் ஹைல்பிரான் நகரில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதும் இவற்றுள் ஒன்று. 2009-இல் உண்மை புலனாயிற்று: அது மாதிரி சேகரிக்கும் பஞ்சுக்குச்சிகளைத் தயாரித்த இடத்தில் பணிபுரிந்த பெண்ணுடையது. கிருமிநீக்கம் கிருமியைக் கொல்லுமேயன்றி டி.என்.ஏ.வை முற்றிலும் அழிப்பதில்லை. இத்தகைய பொருள்களுக்கென ஐ.எஸ்.ஓ. 18385 என்னும் தரவரையறை 2016-இல் வெளியிடப்பட்டது.

களப்பணியாளர் ஈரமான கறையை நிழலில் உலர்த்திக் காகித உறையில் இடுதல் வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி, நுண்ணுயிர்கள் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். ஒவ்வொரு மாதிரிக்கும் கையுறை மாற்றப்பட வேண்டும். அதே கட்டிலிருந்து பயன்படுத்தாத குச்சி ஒன்றும் தனி உறையில் உடன் அனுப்பப்படுதல் நன்று.