சிக்னல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு வேலை

பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் என்ன ஆகப் போகிறீர்கள் என்று கேட்டால் போலீஸ், நர்ஸ், டீச்சர், கலெக்டர் என்று பதில் வரும். பிள்ளைகள் கண்ணால் பார்த்த வேலையைத்தான் சொல்வார்கள். சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலரைப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் எரியும் சிக்னலையும் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சிக்னலை நிறுவி, அதற்கு நேரம் வைத்து, பழுதானால் இரவோடு இரவாகச் சரிசெய்யும் டெக்னீஷியனை மட்டும் பார்த்ததில்லை.

தாமிரபரணிக் கரையோரம், வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் ஊர்களிலிருந்து பிள்ளைகள் வரும் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியர். எங்கள் மாணவர்களில் பலருக்குப் பத்தாம் வகுப்பு முடிந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு வருமானம் வந்தாக வேண்டும். அவர்களுக்காகத்தான் இந்தத் தொழிலைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். இதற்கு வேண்டிய அடிப்படையெல்லாம் ஏற்கெனவே நம் பாடப்புத்தகங்களிலேயே இருக்கிறது. அந்தப் பாடங்களை நடத்தும்போதே இந்த வேலையையும் காட்டிவிடலாம்.

சிக்னல் கம்பத்துக்கு அருகே, நடைபாதையோரம் ஓர் இரும்புப் பெட்டி நிற்கும். மின்வாரியப் பெட்டி என்றே பலரும் நினைக்கிறார்கள். அதுதான் கன்ட்ரோலர். எந்தத் திசைக்கு எத்தனை விநாடி பச்சை, எப்போது மஞ்சள், நடப்பவர்களுக்கு எப்போது வழி என்பதெல்லாம் அதற்குள் பதிவாகியிருக்கிறது. குறுக்கே வெட்டிக்கொள்ளும் இரு திசைகளுக்கு ஒரே நேரத்தில் பச்சை எரிந்துவிடாமல் கண்காணிக்கும் ஏற்பாடும் உண்டு. அப்படியொரு கோளாறு தென்பட்டால் வழக்கமான சுழற்சி நின்று, விளக்குகள் விட்டுவிட்டு எரியத் தொடங்கும். ‘சிக்னல் கெட்டுப்போச்சு’ என்று நாம் சலித்துக்கொள்ளும் சில நேரங்களில் அது நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

ஒரு சந்திப்பு இருண்டுவிட்டது என்று தகவல் வந்தால் டெக்னீஷியன் என்ன செய்வார்? மின்சாரம் வருகிறதா, பிரேக்கர் விழுந்திருக்கிறதா, பேட்டரி நிற்கிறதா, கார்டிலிருந்து விளக்குக்கு மின்னழுத்தம் போகிறதா, நிலத்தடிக் கேபிள் அறுந்திருக்கிறதா, கடைசியாக எல்.இ.டி. விளக்கே போய்விட்டதா என்று மல்டிமீட்டரை வைத்துப் படிப்படியாகப் போவார். ஒரு புள்ளியில் மின்னழுத்தம் இருந்தால் கோளாறு அதற்கு அப்பால், இல்லையென்றால் இப்பால். இப்படித் தேடும் இடம் சுருங்கிக்கொண்டே வரும். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தில் தொடரிணைப்பு நடத்தும்போது, மூன்று பல்புள்ள சுற்றில் எங்காவது ஒரு கம்பியை மறைவாகத் துண்டித்து வைத்து, ‘எங்கே என்று கண்டுபிடி’ என்று விட்டுப் பாருங்கள். கணக்கு செய்யத் தயங்கும் பிள்ளை சில நேரம் முதலில் கண்டுபிடித்துவிடும்.

பழுதுக்குக் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. ஜங்ஷன் பாக்ஸில் மழைத்தண்ணீர், எலி கடித்த கேபிள், குழாய் பதிக்கத் தோண்டியபோது பட்ட வெட்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் நெல்லை சந்திப்புப் பேருந்து நிலையம் வெள்ளத்தில் நின்றதை நம் மாணவர்கள் நேரில் கண்டவர்கள். கன்ட்ரோலர் பெட்டியை ஏன் தரையிலேயே வைக்காமல் மேடை கட்டி வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் தயாராக இருக்கும். தண்ணீர் புகுந்த பெட்டியை உலர்த்திச் சோதிக்காமல் ஏன் மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சாலையில் சதுரமாகக் கீறி, கம்பிச் சுருளைப் பதித்து மூடியிருக்கும் சந்திப்புகள் உண்டு. மாறுதிசை மின்னோட்டம் ஓடும் அந்தச் சுருளின்மேல் வண்டி வந்து நின்றால், வண்டியின் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் தூண்டப்பட்டுச் சுருளின் தன்மின்தூண்டல் எண் குறைகிறது. கன்ட்ரோலர் அதைக் கண்டு ‘இங்கே வண்டி காத்திருக்கிறது’ என்று அறிகிறது. ஒன்பதாம் வகுப்பு மின்காந்தத் தூண்டலுக்கு இதைவிட அருகில் ஓர் எடுத்துக்காட்டு கிடையாது. இப்போது கேமராவும் அந்த வேலையைச் செய்கிறது. வண்டிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பச்சை நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் முறைகளில் ஒன்றை, நமக்கு அடுத்த ஊரான திருவனந்தபுரத்தில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கியிருக்கிறது. திருநெல்வேலி 2017-இல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தேர்வான நகரம். கேமரா, கண்ணாடியிழைக் கேபிள், கட்டுப்பாட்டு அறை என்று வந்துவிட்ட ஊர்களில் அவற்றைப் பராமரிக்க ஆள் வேண்டும்.

கணித ஆசிரியர்களுக்கும் இதில் நிறைய இருக்கிறது. ஒரு சிக்னலின் முழுச் சுற்று 60 விநாடி, அடுத்ததன் சுற்று 90 விநாடி. இப்போது இரண்டிலும் ஒரே நேரத்தில் பச்சை விழுந்தால், மறுபடி எப்போது சேர்ந்து விழும்? மீச்சிறு பொது மடங்கு 180. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறைதான் இரண்டும் ஒத்துப்போகும். அதனால்தான் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருக்கும் சிக்னல்களுக்குப் பொதுவாக ஒரே சுற்று நேரத்தை வைக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே 500 மீட்டர், வண்டியின் வேகம் மணிக்கு 36 கி.மீ. என்றால், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் என்றால், இரண்டாவது சிக்னலில் பச்சையை 50 விநாடி தள்ளி வைக்க வேண்டும். அப்போது வண்டி நிற்காமல் போகும்.

மஞ்சள் ஏன் 3 விநாடி? ஒன்பதாம் வகுப்பு இயக்கச் சமன்பாடே போதும். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருபவர் மஞ்சளைப் பார்த்து பிரேக்கை மிதிக்க 1 விநாடி ஆகும் என்று கொள்வோம். அதற்குள் 10 மீட்டர் ஓடிவிடும். எதிர்முடுக்கம் 3 மீ/வி² என்றால் நிற்பதற்கு இன்னும் 100 ÷ 6, ஏறத்தாழ 16.7 மீட்டர். ஆக 26.7 மீட்டர். இந்தத் தூரத்துக்குள் வந்துவிட்டவரால் கோட்டுக்கு முன் நிற்க முடியாது, கடந்துதான் ஆக வேண்டும். அதே வேகத்தில் கடக்க அவருக்கு 2.67 விநாடி தேவை. மஞ்சளை 2 விநாடியாகக் குறைத்தால் அவர் மேல் எந்தத் தவறும் இல்லாமலே சிவப்பில் மாட்டிக்கொள்வார். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, மஞ்சள் என்றால் ‘வேகமாகப் போ’ என்று நினைத்திருந்த மாணவர்கள்கூட யோசிக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. 1958-இல் எஃப்.வி.வெப்ஸ்டர் தந்த சூத்திரம் இது: சுற்று நேரம் = (1.5L + 5) ÷ (1 − Y). L என்பது ஒரு சுற்றில் வீணாகும் விநாடிகள். Y என்பது சாலையின் கொள்ளளவில் எவ்வளவு பங்குக்கு வண்டிகள் வருகின்றன என்பதன் கூட்டு. L = 12, Y = 0.7 என்றால் சுமார் 77 விநாடி. Y = 0.9 ஆனால் 230 விநாடி. Y = 1 என்று போடச் சொல்லுங்கள். பகுதி பூஜ்யமாகிவிடும். எந்த டெக்னீஷியன் வந்தாலும் அந்தச் சந்திப்பைச் சிக்னலால் மட்டும் தீர்க்க முடியாது, சாலையையே மாற்ற வேண்டும் என்பதைத்தான் அந்தப் பூஜ்யம் சொல்கிறது. பூஜ்யத்தால் ஏன் வகுக்கக் கூடாது என்பதற்கு நான் கண்டதில் நல்ல விளக்கம் இதுதான்.

இந்தத் துறையில் நமக்குத் தெரிந்த பெரிய வேலைவாய்ப்பு சாலையில் இல்லை, தண்டவாளத்தில் இருக்கிறது. சாலை சிக்னலே ரயில்வேயின் வாரிசுதான். 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றம் அருகே வைத்த முதல் சிக்னலை வடிவமைத்த ஜே.பி.நைட் ஒரு ரயில்வே பொறியாளர். எரிவாயு விளக்கில் இயங்கிய அது அடுத்த மாதமே வெடித்துவிட்டது. மின்சார சிக்னல் 1914-இல்தான் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வந்தது. ரயில்வேயில் ‘டெக்னீஷியன் கிரேடு 3’ சிக்னல் பிரிவுக்குப் பத்தாம் வகுப்புடன் உரிய பிரிவில் ஐ.டி.ஐ. முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம், அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். டிப்ளமோ அல்லது இயற்பியல், எலக்ட்ரானிக்ஸ் போன்றவற்றில் பி.எஸ்சி. இருந்தால் ‘கிரேடு 1 சிக்னல்’, அடிப்படை 29,200. கோவை போத்தனூரில் தெற்கு ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பணிமனை இருக்கிறது. அங்கே அப்ரென்டிஸ் பயிற்சியும் உண்டு.

இந்த வேலையின் கனத்தை மாணவர்களுக்கு உணர்த்த நான் 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் நடந்த ரயில் விபத்தைச் சொல்வதுண்டு. 290 பேர் அளவில் உயிரிழந்தார்கள். சிக்னல் சுற்றில் முன்பு செய்த மாற்றத்திலும், அன்று நடந்த லெவல் கிராசிங் பணியிலும் இருந்த குறைபாடுகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. பெட்டிக்குள் கம்பிகளுக்கு எழுதியிருந்த பெயர்க்குறிப்பு தவறாக இருந்து, ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை என்பதும் வெளிவந்தது. ‘படம் வரைந்து பாகங்களைக் குறி’ என்ற கேள்விக்குப் படத்தை மட்டும் அழகாக வரைந்துவிட்டுப் பாகங்களை ஏனோதானோ என்று எழுதும் வழக்கம் நம் எல்லா வகுப்பிலும் உண்டு. பாலசோரைச் சொன்ன பிறகு அந்த அரை மதிப்பெண்ணை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆய்வகத்தில் செய்ய எளிய செயல்பாடு ஒன்று. 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்.இ.டி. இரண்டு, பச்சை இரண்டு, 330 ஓம் மின்தடை இரண்டு, மாடிப்படிக்குப் போடும் டூ-வே சுவிட்ச் ஒன்று. சுவிட்சின் ஒரு பக்கத்தில் வடக்குப் பச்சையும் கிழக்குச் சிவப்பும் தொடராக. மறுபக்கத்தில் வடக்குச் சிவப்பும் கிழக்குப் பச்சையும். இப்போது இரண்டு பச்சையையும் ஒரே நேரத்தில் எரியவையுங்கள் என்று சவால் விடுங்கள். கம்பியை மாற்றாமல் முடியாது. ரயில்வேயில் இன்டர்லாக்கிங் என்பதன் விதை இதுதான்.

வழி எங்கே தொடங்குகிறது? பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக் மெக்கானிக் ஆகிய இரண்டாண்டுப் பிரிவுகள். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்றால் வயர்மேன். ஆக, பத்தில் தவறியவருக்கும் கதவு அடைபடவில்லை. நமக்குப் பேட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் அரசு ஐ.டி.ஐ. உண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் கிடைக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பெண்களுக்கு ஐ.டி.ஐ.யில் உச்ச வயது வரம்பு கிடையாது என்பதைத் தாய்மார்கள் கூட்டத்தில் சொல்லுங்கள். இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

இனிப்பை மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமில்லை. சாலை சிக்னல் வேலை பெரும்பாலும் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனங்களிடம் இருக்கிறது. தொடக்கச் சம்பளம் குறைவு. ஒப்பந்தம் கைமாறினால் வேலையும் ஆடும். இரவிலும் மழையிலும் ஏணியில் ஏற வேண்டும், அதுவும் மின்சாரம் ஓடும் இடத்தில். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, கையுறையும் பாதுகாப்பு பெல்ட்டும் தருகிறார்களா என்று முதல் நாளே கேட்கும் துணிச்சலைப் பள்ளியிலேயே கற்றுக்கொடுத்தால் நல்லது. அப்ரென்டிஸ் பயிற்சியை முடித்துத் தேசியச் சான்றிதழ் வாங்கியவர் ஒப்பந்தம் மாறினாலும் வேறு இடம் தேட முடியும். டோல்கேட் கருவிகள், மெட்ரோ, தொழிற்சாலை பேனல் எல்லாவற்றிலும் இதே கைத்திறன்தான் கேட்கிறார்கள்.

கடைசியாக ஒரு சோதனை. ரயில்வே சிக்னல் பணிக்கு மருத்துவப் பரிசோதனையில் நிறப்பார்வை பார்ப்பார்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குறை ஆண்பிள்ளைகளிடமே அதிகம். பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. ஐ.டி.ஐ. முடித்து, தேர்விலும் வென்று, மருத்துவ அறையில் முதன்முறையாக அதைக் கேட்கும் 20 வயது இளைஞனின் நிலையை யோசித்துப் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் இலைக்குப் பழுப்பு வண்ணம் தீட்டும் பிள்ளையைத் திட்டாமல் குறித்து வையுங்கள். எட்டாம் வகுப்பிலேயே அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு அனுப்பினால் எண்கள் மறைந்த வண்ணப்புள்ளி அட்டையை வைத்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்கள். குறை இருந்தால், நிறம் தேர்வில் குறுக்கே வராத வேறு தொழிற்பிரிவை இப்போதே பேசலாம். எங்கள் பள்ளியில் ஜூலை மாதமே எட்டாம் வகுப்புக்கு இதை முடித்துவிடுகிறோம். அடுத்து வரும் பெற்றோர் கூட்டத்தில் முடிவைத் தனியாகச் சொல்கிறோம்.