சதுரங்கப் புதிரின் மூலத்தைத் தேடி

பள்ளிச் சதுரங்க மன்றத்துக்கு மாணவர்கள் கொண்டுவரும் புதிர்கள் பெரும்பாலும் ஒரே தோற்றத்தில் இருக்கின்றன. கைப்பேசியில் வந்த ஒரு பலகைப் படம். அதன் கீழே ‘வெள்ளை ஆடி வெல்ல வேண்டும்’ என்ற ஒற்றை வரி. இயற்றியவர் யார், எந்த ஆண்டில், எந்த இதழில் வெளிவந்தது என்ற விவரம் இருப்பதில்லை. விடை கிடைத்தவுடன் மாணவர்கள் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள்.

தமிழ்ப் பாடத்தில் ஒரு செய்யுளைக் கற்பிக்கும்போது ஆசிரியர் பெயரும் நூல் பெயரும் சொல்லாமல் தொடங்குவோமா? சதுரங்கப் புதிரும் ஒருவர் பல நாள் அமர்ந்து இயற்றிய படைப்புதான். ஆட்டத்தில் தானாக அமைந்துவிட்ட நிலை வேறு, இயற்றப்பட்ட புதிர் வேறு. இயற்றப்பட்ட புதிரில் தேவையற்ற காய் ஒன்றுகூட இருக்காது. விடைக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கும். அந்த வழியும் பெரும்பாலும் நாம் கடைசியாக யோசிக்கும் நகர்வாக இருக்கும். இந்த அடையாளங்கள் தெரிந்தால் ‘இதை யாரோ இயற்றியிருக்கிறார்கள்’ என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள். அந்த ‘யாரோ’ யார் என்று தேடுவது வரலாற்றுப் பாடத்தில் நாம் சொல்லும் முதன்மைச் சான்று, இரண்டாம் நிலைச் சான்று என்ற பாகுபாட்டை நேரடியாகப் பழக ஒரு நல்ல வாய்ப்பு.

எடுத்துக்காட்டாக, நான்கே காய்கள் உள்ள ஒரு நிலையைப் பலகையில் அடுக்குங்கள். வெள்ளை ராஜா பி6, வெள்ளைச் சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, கறுப்பு யானை டி5. வெள்ளை ஆட வேண்டும், வெல்ல வேண்டும்.

சிப்பாய் சி7-க்குச் செல்கிறது. யானை டி6-இல் செக் கொடுக்கிறது. ராஜா பி7-க்குப் போனால், யானை டி7-க்கு வந்து சிப்பாயை நகரவிடாமல் கட்டிவிட்டு, பிறகு வெட்டிவிடும். ராஜா சி5-க்கு வந்தால், யானை டி1-க்கு இறங்கும். சிப்பாய் ராணியானதும் சி1-இல் செக் கொடுத்து, ராஜா விலகியபின் அதே நிரையில் நிற்கும் ராணியை வெட்டும். ஆகவே ராஜா பி5-க்கு வருகிறது. டி5-இல் செக், ராஜா பி4. டி4-இல் செக், ராஜா பி3. டி3-இல் செக், ராஜா சி2. படிப்படியாக இறங்கி வந்த ராஜா இப்போது யானையையே தாக்குகிறது; சிப்பாயும் ராணியாகக் காத்திருக்கிறது. ஆட்டம் முடிந்தது போலத் தோன்றும். ஆனால் யானை டி4-க்குத் திரும்புகிறது. சிப்பாயை ராணியாக்கினால் யானை சி4-இல் செக் கொடுக்கும். ராணி அதை வெட்டினால் கறுப்பு ராஜாவுக்கு நகர இடமில்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட், ஆட்டம் சமன்.

இங்கே வகுப்பை நிறுத்திச் சில நிமிடங்கள் விட்டுவிடுங்கள். சிப்பாயை ராணியாக்காமல் யானையாக்க வேண்டும் என்பதே விடை. அடுத்து ஏ நிரைக்கு வந்து மேட் செய்யும் மிரட்டல் அதில் இருக்கிறது. தன் யானையை இழக்காமல் அதைத் தடுக்கக் கறுப்புக்கு ஏ4 மட்டுமே உண்டு. அப்போது வெள்ளை ராஜா பி3-க்கு வருகிறது. ஒரே நகர்வில் யானையை வெட்டும் மிரட்டல், சி1-இல் மேட் என்ற மிரட்டல் இரண்டும் வந்துவிடுகின்றன. இரண்டையும் தடுக்க முடியாது.

உலகம் முழுதும் இது ‘சாவேத்ரா நிலை’ என்றே அறியப்படுகிறது. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஐந்து கைகள் மாறிய கதை கிடைக்கிறது.

1875-இல் ஃபென்டன், பாட்டர் என்ற இருவர் ஆடிய ஓர் ஆட்டத்தில் இதுபோன்ற முடிவு வந்தது. சிப்பாய் பி நிரையில் இருந்தது. இருவரும் சமன் என்று ஒப்புக்கொண்டார்கள். சமன் அல்ல, ராஜா படியிறங்குவதுபோல் வந்திருந்தால் வெள்ளை வென்றிருக்கும் என்று அதே ஆண்டில் ‘சிட்டி ஆஃப் லண்டன் செஸ் மேகசின்’ இதழில் ட்சுகர்டோர்ட் எழுதினார். அந்தப் படியிறக்கமும் அவருடைய கண்டுபிடிப்பு அன்று. கிளிங், ஹார்விட்ஸ் என்ற இருவர் 1853-லேயே அதை ஒரு புதிராக வெளியிட்டிருந்தார்கள்.

1895-இல் பாட்டர் இறந்தார். கிளாஸ்கோ நகரத்தில் ‘வீக்லி சிட்டிசன்’ என்ற செய்தித்தாளில் சதுரங்கப் பத்தி எழுதிவந்த பார்பியே, அவர் நினைவாக அந்தப் பழைய ஆட்டத்தின் முடிவை ஏப்ரல் 27 இதழில் வெளியிட்டார். நினைவிலிருந்து எழுதியதால் நிலை மாறிவிட்டது. சிப்பாய் சி நிரைக்கு வந்துவிட்டது. பிறகு கறுப்பு ராஜாவை ஏ1 மூலையில் வைத்தால் ஸ்டேல்மேட் தந்திரத்தால் கறுப்பு தப்பிக்கலாம் என்பதைக் கவனித்து, ‘கறுப்பு ஆடி சமன் செய்ய வேண்டும்’ என்று புதிய புதிராகப் போட்டார். கிளாஸ்கோவில் வாழ்ந்த ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் பெர்னாண்டோ சாவேத்ரா (1849–1922) அதைப் பார்த்துவிட்டு, ‘சமன் இல்லை, சிப்பாயை யானையாக்கினால் வெள்ளை வெல்லும்’ என்று சுட்டிக்காட்டினார். மே மாதத்திலேயே பார்பியே அதைத் தம் பத்தியில் அச்சிட்டார். தம் புதிரைத் தகர்த்த வாசகரின் பெயரை மறைக்காமல் வெளியிட்ட அந்தப் பத்தியாசிரியரை நாம் மதிக்கத்தான் வேண்டும். அவர் மறைத்திருந்தால் சாவேத்ரா என்ற பெயர் இன்று நமக்குத் தெரிந்திருக்காது.

இன்னும் ஒரு கை உண்டு. பார்பியே வெளியிட்ட நிலையில் சிப்பாய் சி7-இல் நின்றது. ஆட வேண்டியது கறுப்பு. நாம் மேலே அடுக்கிய நிலையில் சிப்பாய் சி6-இல் நிற்கிறது; ஆடுவது வெள்ளை. இந்த மாற்றத்தைச் செய்தவர் உலக வாகையர் இமானுவேல் லாஸ்கர். 1902-இல் ‘ப்ரூக்ளின் டெய்லி ஈகிள்’ நாளிதழில் இப்படி வெளியிட்டார். ஆக, சாவேத்ரா கண்டது ஒரே ஒரு நகர்வு. நிலையை அமைத்தவர் வேறு, இன்றைய வடிவம் தந்தவர் வேறு. அந்தப் பாதிரியார் யார் என்பதே பல காலம் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த புதிர் ஆய்வாளர் ஜான் செல்மன் பழைய இதழ்களைத் தேடி எடுத்த பிறகே இந்த வரிசை தெளிவானது.

இதில் மாணவர்கள் கட்டாயம் வாதாடுவார்கள். யாருடைய பெயரை எழுதுவது? நான்கு காய்களை வைத்தவரையா, ஒரு நகர்வைக் கண்டவரையா? ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம். என்னைக் கேட்டால் இருவர் பெயரும் வேண்டும் என்பேன். புதிர்த் தொகுப்புகளும் பெரும்பாலும் அப்படியே செய்கின்றன.

தேடும் முறைக்கு வருவோம். பலகைப் படத்தை எழுத்து வரியாக மாற்றும் ஒரு குறியீட்டு முறை உண்டு. சதுரங்கச் செயலிகள் அனைத்தும் அதை ஏற்கும். ‘ஃபென்’ என்பது அதன் பெயர். எட்டாம் வரிசையில் தொடங்கி மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரிசையிலும் காய்களை எழுத்தாலும் தொடர்ந்து வரும் காலிக் கட்டங்களை எண்ணாலும் குறிக்க வேண்டும். சாவேத்ரா நிலையின் ஆறாம் வரிசை: ஒரு காலிக் கட்டம், வெள்ளை ராஜா, வெள்ளைச் சிப்பாய், ஐந்து காலிக் கட்டங்கள். ஐந்தாம் வகுப்பு மாணவரும் அரை மணி நேரத்தில் இதைக் கற்றுக்கொள்வார். படத்தைத் தேடுவதைவிட இந்த வரியைத் தேடுவது நம்பகமானது.

புதிர்களுக்கென்றே தரவுத்தளங்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் ‘டி ஷ்வால்பே’ என்ற புதிர்ச் சங்கத்தின் தரவுத்தளத்தை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ‘யெட் அனதர் செஸ் ப்ராப்ளம் டேட்டாபேஸ்’ என்பதும் அப்படியே. ‘வெள்ளை வெல்ல’ அல்லது ‘சமன் செய்ய’ என்ற வகை முடிவாட்டப் புதிர்களுக்கு நெதர்லாந்தின் ஹரால்ட் வான் டெர் ஹெய்டன் தொகுத்த தொகுப்பே பெரியது. 90,000-க்கும் மேற்பட்டவை அதில் உள்ளன. ஆனால் அது விலைக்குக் கிடைப்பது.

நிலையை அப்படியே தேடிக் கிடைக்கவில்லை என்றால் சோர்ந்துவிட வேண்டாம். கைமாறி வரும் படங்களில் இடவலம் மாறியிருக்கும், நிறம் மாறியிருக்கும், கூடுதலாக ஒரு சிப்பாய் முளைத்திருக்கும். கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பி அடுக்கித் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் புதிரின் கருத்தைச் சொல்லித் தேடுங்கள்: ‘யானையாகப் பதவி உயர்வு’, ‘ஸ்டேல்மேட் தவிர்ப்பு’ என்பதுபோல. தரவுத்தளத்தில் பெயர் கிடைத்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ணக்கூடாது. அதுவும் இரண்டாம் நிலைச் சான்றுதான். அதில் தரப்பட்டுள்ள இதழும் தேதியும் முதன்மைச் சான்றுக்கு வழிகாட்டும். ‘ப்ரூக்ளின் டெய்லி ஈகிள்’ போன்ற பழைய நாளிதழ்கள் இன்று மின்னுருவில் படிக்கக் கிடைக்கின்றன.

பெயரோடு வரும் புதிரைவிடக் கதையோடு வரும் புதிரிடம் கூடுதல் கவனம் வேண்டும். சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் 1713-இல் பெண்டர் நகரில் துருக்கியரின் முற்றுகைக்குள் இருந்தபோது சதுரங்கம் ஆடினாராம். ‘மூன்று நகர்வில் மேட்’ என்று அவர் சொன்ன நொடியில் ஒரு குண்டு பாய்ந்து அவருடைய வெள்ளைக் குதிரையைத் தூக்கி எறிந்ததாம். பலகையைப் பார்த்துவிட்டு, ‘குதிரை இல்லாமலே நான்கு நகர்வில் மேட்’ என்றாராம். மறு குண்டு ஒரு சிப்பாயைக் கொண்டுபோக, ‘அப்படியானால் ஐந்து நகர்வில்’ என்றாராம். மூன்று புதிர்களும் பலகையில் சரியாக வேலை செய்கின்றன. ஆனால் மன்னர் ஆடிய ஆட்டம் அன்று அது. 1859-இல் அமெரிக்காவின் ‘செஸ் மன்த்லி’ இதழில் சாம் லாய்டு இயற்றி வெளியிட்டது. அப்போது அவருக்கு வயது 18. முற்றுகை வரலாறு, குண்டு விழுந்த பலகை கற்பனை. மேல்நிலை வகுப்பில் இதைக் கொடுத்து, ‘கதையில் எது சான்றுள்ளது, எது இல்லாதது’ என்று பிரிக்கச் சொல்லலாம்.

இதே லாய்டு, 15 எண்களைச் சதுரத்துக்குள் நகர்த்தும் விளையாட்டையும் தாமே கண்டுபிடித்ததாகப் பிற்காலத்தில் சொல்லிவந்தார். அது நோயஸ் சாப்மன் என்ற அஞ்சலக அலுவலருடையது. படைப்பாளியே சொன்னாலும் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இவரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. தனிப்பாடல் எதைக் கேட்டாலும் ‘ஔவையார் பாடியது’ என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டல்லவா? பெயர் தெரியாத புதிருக்கு லாய்டின் பெயரை ஒட்டிவிடும் பழக்கமும் அப்படிப்பட்டதே.

விதியைப் பற்றிய கதை ஒன்றும் சுற்றுகிறது. 1972-இல் டிம் கிராபே என்ற டச்சு எழுத்தாளர் விளையாட்டாக ஒரு புதிர் இயற்றினார். ராஜாவின் நிரையிலேயே மேலே போய் யானையான சிப்பாயோடு, செங்குத்தாகக் கோட்டை கட்டுவதுதான் விடை. இதனால் ஃபிடே அமைப்பு விதியையே மாற்ற நேர்ந்தது என்பார்கள். 1930-ஆம் ஆண்டின் ஃபிடே விதிகளை எடுத்துப் பார்த்தால், ராஜாவும் யானையும் ஒரே கிடைவரிசையில் இருக்க வேண்டும் என்பது அப்போதே எழுதப்பட்டிருக்கிறது. புதிர் உண்மை, அதன் பின்கதைதான் ஆட்டம் காண்கிறது.

கணினியை மட்டும் நம்பித் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. வினோதமான நிலையைச் செயலியில் இட்டதும் ‘இது தவறு’ என்று அது காட்டினால், உடனே புதிரைக் குறைசொல்ல வேண்டாம். அது வேறு விதிகளுக்கு உரியதாக இருக்கலாம். அரபு நாடுகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆடப்பட்ட சத்ரஞ்ச் ஆட்டத்தில் இன்றைய மந்திரியின் இடத்தில் நின்ற காய், குறுக்காக ஒரு கட்டத்தைத் தாண்டி இரண்டாம் கட்டத்தில் மட்டுமே குதிக்கும். இன்றைய ராணியின் இடத்துக் காய் குறுக்காக ஒரே கட்டம் நகரும். திலாராம் என்ற பெண்ணின் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற பழம்புதிரை இன்றைய விதிப்படி ஆடிப்பார்த்தால் பொருளே விளங்காது. இன்னும் சில புதிர்களில் இருவரும் கூடிப்பேசியதுபோல் ஒத்துழைத்து மேட்டை வரவழைக்க வேண்டும். சிலவற்றில் எதிரியைக் கட்டாயப்படுத்தித் தனக்கே மேட் செய்ய வைக்க வேண்டும். கைமாறும்போது முதலில் தொலைவது படத்தின் கீழிருந்த அந்த ஒரு வரிதான். எனவே, ‘என்ன கேட்கப்பட்டது’ என்பதையும் மூலத்தில் தேட வேண்டியிருக்கிறது.

2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடை ஒட்டிப் பள்ளிகளில் சதுரங்கத்தின்மேல் ஆர்வம் கூடியது. அந்த ஆர்வத்தில் சொந்தமாகப் புதிர் இயற்றிப் பார்க்கும் மாணவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தத் தேடல் இன்னும் அவசியம். தான் புதிதாகக் கண்டதாக எண்ணிய கருத்தை நூறு ஆண்டுக்கு முன்பே ஒருவர் அச்சிட்டிருக்கலாம். தற்செயலாக அப்படி அமைவது திருட்டு அல்ல. புதிர் உலகில் அடிக்கடி நடப்பது. கிளிங், ஹார்விட்ஸ் இருவரின் படியிறக்கத்தை ட்சுகர்டோர்ட் மீண்டும் காட்டியதை நினைவூட்டினால் மாணவர் மனம் தளராது. முன்னோடி இருந்தால் அவர் பெயரைச் சேர்த்து, தான் மாற்றியது எது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் தயங்காமல் தன் பெயரை எழுதட்டும்.

மன்றத்தின் சுவரில் வாரம் ஒரு புதிர் ஒட்டும் வழக்கம் இருந்தால், படத்தின் கீழ் இரண்டு வரிக்கு இடம் விடுங்கள். சாவேத்ரா நிலைக்கு அந்த இரண்டு வரிகளில் இப்படி எழுதலாம்: ‘பார்பியே – சாவேத்ரா, கிளாஸ்கோ வீக்லி சிட்டிசன், 1895. இவ்வடிவம்: லாஸ்கர், ப்ரூக்ளின் டெய்லி ஈகிள், 1902.’ மூலம் கிடைக்காத புதிரென்றால் ‘இயற்றியவர் தெரியவில்லை’ என்று எழுதி, தேடிய இடங்களையும் தேதியையும் குறித்துவிட்டால், அடுத்த ஆண்டு வரும் மாணவர் அங்கிருந்து தொடரலாம்.