காலரில் ஒரு செம்பட்டை



பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கும் தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் வளரும் பிள்ளைகளுக்குச் சீருடை புதிதன்று. எனினும் தோள் நட்சத்திரங்களை எண்ணத் தெரிந்த பலரும், தரைப்படை உயரதிகாரிகளின் காலர் முனைகள் இரண்டிலும் பொருத்தப்பட்டிருக்கும் சிறு சிவப்புப் பட்டையைக் கவனிப்பதில்லை. கார்ஜெட் பேட்ச் எனப் படையினர் வழங்கும் அதனைக் கர்னலும் அவருக்கு மேற்பட்டவர்களும் மட்டுமே அணிவர்.

கார்ஜெட் என்பது முற்காலத்தில் போர்வீரரின் தொண்டையைக் காத்த இரும்புக் கவசம். துப்பாக்கிகள் பெருகிக் கவசங்கள் வழக்கொழிந்தபின், அது பிறை வடிவத் தகடாகச் சுருங்கி, அணிந்தவர் பணியிலிருக்கும் அதிகாரி என்பதைக் காட்டும் அடையாளமாக மட்டும் நின்றது. பிரிட்டிஷ் படை 1830இல் அதையும் கைவிட்டது. கர்னலின் பட்டையிலுள்ள பொத்தானும் கயிற்றுக் கோடும், அத்தகட்டைக் காலரோடு பிணைத்த பொத்தான், நாடா ஆகியவற்றின் எச்சங்களாகும்.

முதல் உலகப் போரில் இச்சிவப்பு, ஸ்டாஃப் அதிகாரிகளின், அதாவது தளபதியின் சார்பில் திட்டமிடலையும் வழங்கலையும் கவனித்த தலைமையகப் பணியாளர்களின், அடையாளமாக இருந்தது. பதுங்குகுழிச் சேற்றில் கிடந்தவர்களின் கண்ணை அது உறுத்தியதில் வியப்பில்லை. 1921இல் அது கர்னலுக்கும் மேற்பட்டோருக்கும் மட்டும் உரியதென வரையறுக்கப்பட்டதால், பணியைக் காட்டிய சின்னம் பதவியைக் காட்டுவதாயிற்று.

இந்தியத் தரைப்படையில் அண்மைய மாற்றம் 2023 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை பிரிகேடியர்களும் ஜெனரல்களும் தத்தம் ரெஜிமென்ட்டின் தொப்பியையும், லேன்யார்டு எனப்படும் தோள்கயிற்றையும் அணிந்துவந்தனர். கூர்க்கா தொப்பி, பாராசூட் படையின் மெரூன் பெரே ஆகியவை அவ்வகையின. இப்போது தொப்பி, தோள்சின்னம், கார்ஜெட் பட்டை, இடைவார், காலணி ஆகிய அனைத்தும் அவர்களுக்கு ஒரே மாதிரியாக்கப்பட்டுத் தோள்கயிறு நீக்கப்பட்டது. இளமை முதல் உயிரெனப் போற்றிய ரெஜிமென்ட் அடையாளத்தைக் களைவது எளிதன்று. ஆயினும் பல ரெஜிமென்ட்டுகளை ஒருசேர நடத்துபவர் எந்த ஒன்றுக்கும் உரியவராகத் தோன்றாதிருப்பதே முறை.

விமானப்படையில் ஏர் கமடோர் முதலும், காவல்துறையின் உயர்பதவிகளிலும் இத்தகைய பட்டைகள் உண்டு, காவல்துறையினது கருநீலம். படைவீரரெனப் பிறரை நம்பவைக்கும் நோக்கத்தோடு படையினரல்லாதவர் முப்படையினருடையதை ஒத்த சீருடையோ சின்னமோ அணிவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதை மாறுவேடப் போட்டிக்கு அப்பால் ஆசை கொள்வோர் அறிந்திருத்தல் நன்று.

பரங்கிமலையின் பரமேஸ்வரன் அணிவகுப்புத் திடலில் பயிற்சி நிறைவு செய்யும் இளைஞர்களின் தோளில், பெற்றோர் இரண்டு நட்சத்திரங்களைப் பொருத்துகின்றனர். லெப்டினன்ட்டான அவர்களுக்கும் காலர்ச் சிவப்புக்கும் இடையே கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல் ஆகிய மூன்று பதவிகள் உள்ளன.