பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

கேம்பரில் பம்ப் ரிப்பேர் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது சத்தத்தைப் பற்றித்தான். ஸ்விட்சைப் போட்டால் சத்தம் வருகிறதா? வந்தால் எப்படிப்பட்ட சத்தம்? தண்ணீரை இழுத்துத் தள்ளும்போது மோட்டார் கனத்த குரலில் உறுமும். வெறும் காற்றை இழுக்கும்போது அதன் குரல் மெலிந்து வேகமாகக் கேட்கும். இந்த இரண்டையும் பிரித்தறியக் காது பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. புதுப் பம்ப் வாங்கி மாட்டிய பிறகும் அதே கோளாறோடு நிற்கும் கேம்பர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணம் வீணாவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நாங்கள் கோடையில் போவது ஒன்டாரியோவின் மாகாணப் பூங்காக்களுக்கு: அல்கோன்குயின், கில்பேர், சாண்ட்பேங்க்ஸ். அங்கே கேம்பர் நிறுத்தும் பல இடங்களில் மின்சாரம் கிடைக்கும். தண்ணீர் இணைப்பு பொதுவாகக் கிடையாது. நுழைவாயில் பக்கம் ஒரு பொதுக் குழாயில் டேங்கை நிரப்பிக்கொண்டு உள்ளே போக வேண்டும். அப்புறம் பாத்திரம் கழுவுவது முதல் கழிவறை வரை எல்லாம் அந்தக் கையளவு பம்பை நம்பித்தான். அது நின்றால் சமையலும் குளியலும் சேர்ந்தே நின்றுவிடும்.

பெரும்பாலான கேம்பர்களில் இருப்பது 12 வோல்ட்டில் ஓடும் டயஃப்ரம் பம்ப். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு அசைந்து அசைந்து தண்ணீரை இழுத்துத் தள்ளுகிறது. குழாயை மூடியதும் அழுத்தம் ஏறும். பல பம்புகளில் 55 பிஎஸ்ஐ வாக்கில் அதிலுள்ள பிரஷர் ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். குழாயைத் திறந்து அழுத்தம் இறங்கினால் மறுபடி ஓடும். நம் ஊர்க் கிணற்று மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றி ஏர் எடுப்போமே, அந்த வேலை இதற்குத் தேவையில்லை, தானே இழுத்துக்கொள்ளும். ஆனால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் போதும், தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றை இழுக்கத் தொடங்கிவிடும்.

பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கசிவு என்றால் எங்காவது ஈரம் தெரியும் என்று தேடுகிறார்கள். உறிஞ்சும் பக்கத்துக் கசிவு வெளியே சொட்டாமலே இருக்கலாம், ஏனென்றால் அங்கே காற்று உள்ளே போகிறது. நான் முதலில் கை வைப்பது பம்பின் வாயில் இருக்கும் சிறிய வடிகட்டியில். அதன் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கிண்ணத்தைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது காய்ந்திருந்தாலோ, தடம் விலகி உட்கார்ந்திருந்தாலோ காற்று புகும். டேங்கில் துளை போட்டபோது விழுந்த பிளாஸ்டிக் சுருள்கள் புது கேம்பரின் வடிகட்டியில் சிக்கிக் கிடப்பது சகஜம். கழுவி, வளையத்தில் சிலிக்கோன் கிரீஸ் தடவி, கையாலேயே இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டால் கிண்ணம் விரிசல் விடும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் ஒரு வாளி போதும். பம்பின் வாயிலிருந்து டேங்குக் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு சிறு ஹோஸை மாட்டி அதன் மறுமுனையை வாளித் தண்ணீரில் போடுங்கள். சமையலறைக் குழாயைத் திறந்து வைத்து ஸ்விட்சைப் போடுங்கள். வாளியிலிருந்து ஏறினால் பம்ப் நன்றாக இருக்கிறது, கோளாறு டேங்குப் பக்கம். வாளியிலிருந்தும் ஏறவில்லை என்றால்தான் பம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

மே மாதம் எங்கள் முகாம்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "அண்ணே, மோட்டார் போயிடுச்சு. புதுசு ஆர்டர் போடப்போறேன்." "கொஞ்சம் பொறுங்க தம்பி, அந்தச் சின்ன வால்வு எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு பார்ப்போம்." குளிர்காலத்துக்கு முன் ஆன்டிஃப்ரீஸ் இழுப்பதற்காகப் பம்பின் அருகே ஒரு மூவழி வால்வு வைத்திருப்பார்கள். அக்டோபரில் திருப்பியதை வசந்தத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. டேங்க் நிறையத் தண்ணீர் இருக்கும், பம்போ தொங்கும் ஹோஸ் வழியாகக் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும். கூடவே, குளிர்காலத்துக்காகத் தண்ணீர் ஹீட்டரை ஒதுக்கிவைக்கும் பைபாஸ் வால்வையும் பாருங்கள். அதை வழக்கமான நிலைக்குத் திருப்பியதும் காலி ஹீட்டர் நிரம்பவே சில நிமிடம் ஆகும். சாதாரண ஹீட்டர் ஒன்றில் 6 கேலன், அதாவது 23 லிட்டர் அளவு பிடிக்கும். அதுவரை வெந்நீர்க் குழாயில் காற்றுதான் சீறும். தண்ணீர் சீராக வரும்வரை ஹீட்டரின் மின் ஸ்விட்சைத் தொடாதீர்கள். தண்ணீரில்லாமல் சூடானால் அதன் காயில் கருகிவிடும்.

சத்தமே இல்லை என்றால் மின்சாரப் பிரச்சினை. ஃபியூஸ் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். மல்டிமீட்டரை பம்பின் வயர் முனைகளிலேயே வைத்து, ஸ்விட்ச் போட்ட நிலையில் பாருங்கள். லெட் ஆசிட் பேட்டரி முழுச் சார்ஜில் ஓய்வாக 12.6 வோல்ட் காட்டும். பம்ப் முனையில் 11-க்கும் கீழே விழுந்தால் பேட்டரி வற்றியிருக்கிறது, அல்லது நடுவில் ஏதோ இணைப்பு துருப்பிடித்திருக்கிறது. எர்த் வயரை பலர் மறந்துவிடுகிறார்கள். தகுந்த ஃபியூஸ் வைத்த வயரால் பேட்டரியிலிருந்து நேராக பம்புக்குக் கொடுத்துப் பாருங்கள். ஓடினால் வழியிலுள்ள ஸ்விட்ச், வயர்களைத் தேடுங்கள். நீண்ட நேரம் ஓடிச் சூடாகி நின்றதென்றால் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். வெப்பப் பாதுகாப்பு உள்ள மோட்டார் தானே மறுபடி கிளம்பும்.

ராத்திரியில் யாரும் குழாயைத் தொடாமலே பம்ப் திடீரென்று 'டுர்' என்று ஒரு கணம் ஓடி நிற்கும். எங்கோ அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். வெளிப்புற ஷவர், கழிவறையின் வால்வு, அடியிலிருக்கும் வடிகால் மூடிகள், இந்த வரிசையில் பார்ப்பேன். எல்லாம் காய்ந்திருந்தால் பம்புக்குள் இருக்கும் செக் வால்வு வழியே தண்ணீர் டேங்குக்கே திரும்புகிறது. இதை வீட்டில் உறுதிசெய்யலாம். பம்பை அணைத்துவிட்டு வீட்டுக் குழாயைக் கேம்பரின் வெளி இணைப்பில் மாட்டுங்கள். நிரப்பாமலே டேங்கின் மட்டம் ஏறினால் அந்த வால்வில் அழுக்கு அல்லது தேய்மானம்.

குழாயைச் சிறிதாகத் திறக்கும்போது தண்ணீர் விக்கி விக்கி வருவது வேறு சங்கதி. குழாய் முனையின் சல்லடையைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகும். இல்லையென்றால் அழுத்தத்தைச் சீராக்கும் ஒரு சிறு அக்யுமுலேட்டர் டேங்க் பொருத்தலாம். பிரஷர் ஸ்விட்சின் திருகைத் திருப்பும் ஆசையை மட்டும் கடைசிவரை தள்ளிப்போடுங்கள்.

பம்பைக் கொல்வது பெரும்பாலும் உறைபனி. உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து விரியும்போது தலைப்பகுதியும் வடிகட்டிக் கிண்ணமும் வெடிக்கும். குடிநீர்க் குழாய்களுக்கென்றே விற்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை மட்டும் பயன்படுத்துங்கள். அது பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைகால். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் விஷம், அதைக் குடிநீர் வழியில் ஒருபோதும் விடக் கூடாது.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஃபியூஸைக் கழற்றி, டேங்க் பக்கத்தை அடைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிய பிறகு கழற்றுங்கள். இரண்டு வயர், இரண்டு இணைப்பு, நான்கு திருகு, அவ்வளவே. புதியதை இரு பக்கமும் வளையும் ஹோஸால் இணைத்தால் தரை அதிராது. பழைய வடிகட்டியை அப்படியே மாட்டாதீர்கள், அதையும் புதிதாக வாங்கிவிடுங்கள்.