கோணலாய்ப் பொருந்திய மணிக்கட்டும் எலும்பு ஒட்டுச் சிகிச்சையும்

வழுக்கி விழுகின்ற ஒருவர் தம்மை அறியாமலே கையை ஊன்றுகிறார். உடலின் பாரம் உள்ளங்கை வழியே ஏறி, முன்கையில் பெருவிரற் பக்கமாக அமைந்துள்ள ஆரை எலும்பின் கீழ்முனையைத் தாக்குகிறது. மணிக்கட்டுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் மேலே அவ்வெலும்பு முறிந்து, கீழ்த்துண்டு புறங்கைப் பக்கமாகச் சாய்கிறது. இம்முறிவை டப்ளின் நகரத்து ரண சிகிச்சை நிபுணரான ஆபிரகாம் காலிஸ் 1814-ல் விவரித்தார். எக்ஸ்ரே கதிர்கள் கண்டறியப்பட்டதோ 1895-ல்தான். காலிஸ் விரல்களால் தடவிப் பார்த்தே இதனை உணர்ந்தார். கோணல் நிலைத்துவிட்டாலும் நாளடைவில் வலி நீங்கிக் கை நன்கு இயங்கும் என்பது அவர் கருத்து. வீட்டளவில் நடமாடும் முதியோர் பலருக்கு அது இன்றும் பொருந்தும். மண்வெட்டி பிடிக்க வேண்டியவருக்கும் தறி நெய்பவருக்கும் அது பொருந்துவதில்லை.

காரணம் எலும்பின் வடிவத்தில் உள்ளது. ஆரை எலும்பின் மூட்டுப் பரப்பு உள்ளங்கைப் பக்கமாகச் சுமார் 11 டிகிரியும், சுண்டுவிரற் பக்கமாகச் சுமார் 22 டிகிரியும் சரிந்திருக்கிறது. கையில் ஏறும் பாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை இவ்வெலும்பு தாங்க, எஞ்சியது சுண்டுவிரற் பக்கத்து அல்னா எலும்பைச் சேரும். ஆரை எலும்பு முறிந்து 2.5 மில்லிமீட்டர் அளவு குறுகினாலே அல்னாவின் பங்கு ஏறத்தாழ இரு மடங்காகிறது. சிறு பிசகு என்று எண்ணத்தக்க அளவுதான். எனினும் அதனால் சுண்டுவிரற் பக்கத்தில் ஓயாத வலி உண்டாகிறது, பிடிவலிமை குன்றுகிறது, உள்ளங்கையை மலர்த்தி ஒரு கை நீர் ஏந்துவதும் அரிதாகிறது. மாணவர்கள் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு உள்ளங்கையை மலர்த்தியும் கவிழ்த்தும் பார்க்கட்டும். அப்போது அசையாதிருக்கும் அல்னாவைச் சுற்றி ஆரை எலும்பு புரளுவதைத் தொட்டு உணரலாம்.

எலும்பு கோணலாய்ப் பொருந்துவதற்கு நாட்டு வைத்தியக் கட்டு ஒன்றையே பழிப்பது முறையன்று. ஆந்திரப் பிரதேசத்துப் புத்தூர்க் கட்டைப் போன்றவற்றை நாடு முழுவதும் மக்கள் நாடுகின்றனர். மருத்துவமனை தொலைவில் இருப்பதும் கூலி இழப்புமே அதற்குப் பெருங்காரணங்கள். மருத்துவமனையில் சரியாக அமர்த்திப் பிளாஸ்டர் இட்ட எலும்பும், வீக்கம் வடிந்து கட்டுத் தளர்கையில் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் நழுவக்கூடும். ஆதலால் முதலாம், இரண்டாம் வார முடிவுகளில் எக்ஸ்ரே படம் மீண்டும் எடுக்கப்பட வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

கோணலாய்ப் பொருந்திய எலும்பைத் திருத்த, பழைய முறிவிடத்திலேயே அதனை மறுபடியும் வெட்ட வேண்டும். அமெரிக்க நிபுணர் வில்லிஸ் காம்ப்பெல் 1937-லேயே இதனை எழுதினார். சுவிட்ஸர்லாந்தில் பணியாற்றிய டியேகோ பெர்னாண்டஸ் 1982-ல் வெளியிட்ட முறை பின்னர்ப் பெரிதும் பரவியது. பழுதற்ற மறு கையின் எக்ஸ்ரே படத்தை அளவுகோலாகக் கொண்டு, எத்தனை டிகிரி நிமிர்த்துவது, எத்தனை மில்லிமீட்டர் நீட்டுவது என்று முன்னதாகவே கணக்கிடுகின்றனர். வெட்டிய எலும்பைக் கதவு திறப்பதுபோல் விரித்தால் புறங்கைப் பக்கம் ஆப்பு வடிவான இடைவெளி தோன்றும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து எடுத்த எலும்புத் துண்டை அவ்வடிவத்திற்குச் செதுக்கிப் பொருத்தி, உலோகத் தகட்டாலும் திருகாணிகளாலும் இறுக்குகின்றனர்.

இவ்வொட்டு வெறும் முட்டுக்கட்டை அன்று. அதிலுள்ள உயிரணுக்களில் சில பிழைத்துப் புதிய எலும்பை உண்டாக்குகின்றன; அதிலுள்ள புரதங்கள் அண்டையிலுள்ள அணுக்களை எலும்பணுக்களாக மாறத் தூண்டுகின்றன. எஞ்சிய பகுதி சாரம் போல நின்று, குருதிக் குழாய்கள் ஊடுருவ இடமளித்து, பின் சிறிது சிறிதாகக் கரைய, அவ்விடத்தில் புதிய எலும்பு அமைகிறது. நோயாளியின் சொந்த எலும்பாதலால் உடல் அதனை ஒதுக்குவதில்லை. ஆயினும் இதற்கு ஒரு விலை உண்டு. இடுப்பில் எடுத்த இடம் சிலருக்கு மணிக்கட்டைவிட அதிகமாக வலிக்கும். தொடையின் வெளிப்புறம் மரத்துப் போவதும் உண்டு. 2000-ஆம் ஆண்டையொட்டிப் பரவிய, திருகாணி தகட்டிலேயே பூட்டிக்கொள்ளும் உள்ளங்கைப் பக்கத் தகடுகள் தாமே பாரத்தைத் தாங்குவதால், இப்போது பலருக்குப் பஞ்சு போன்ற உள்ளெலும்புத் துகள்களே போதும்; சிலருக்கு ஒட்டே தேவைப்படுவதில்லை.

கோணல் கண்ட அனைவரையும் அறுவைக்கு அனுப்ப வேண்டியதில்லை. வலியும் வேலைத்தடையும் இல்லாத முதியவரை விட்டுவிடலாம். மூட்டுப் பரப்பே மிகவும் தேய்ந்திருந்தால் எலும்பை நிமிர்த்தியும் பயன் குறைவு. தகுதியுள்ளவர்களைக் காலந்தாழ்த்தாது அனுப்புதல் நலம். முறிந்த சில வாரங்களில் திருத்தப்பட்டோரையும் பல மாதங்கள் கழித்துத் திருத்தப்பட்டோரையும் ஜூப்பிட்டர், ரிங் என்னும் இருவர் ஒப்பிட்டு 1996-ல் வெளியிட்டனர். முடிவான பலன் இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒன்றே; ஆனால் முன்னவருக்கு அறுவை எளிதாயிருந்தது, வேலையின்றிக் கழிந்த காலமும் குறைவு. கூலியை நம்பிய குடும்பத்திற்கு அந்த மாதங்கள் அற்பமல்ல.

அனுப்பும்போது பழைய எக்ஸ்ரே படங்களையும் கொடுத்தனுப்புக. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல்களில் மரப்பு உண்டா, பெருவிரலை நிமிர்த்த முடிகிறதா என்பவற்றைச் சீட்டில் குறிக்க வேண்டும். நரம்பு அழுந்தியிருப்பதையும் தசைநாண் அறுந்திருப்பதையும் இவை காட்டும். புகைப்பழக்கத்தையும் தவறாது எழுதுக; அது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். அறுவைக்குப் பின் எலும்பு கூடும்வரை பளு தூக்கலாகாது. விரல்களை மட்டும் மறுநாள் முதலே மடக்கி நீட்டிப் பழக வேண்டும்.